கையிலிருந்து கைக்கு ஒற்றிய சீல்

செட்டிபாளையம்
12 மாசி 1995

அன்பு மகள் இராசாத்திக்கு கோணாமலை மாமா எழுதுவிப்பது.

சூறாவளி அடித்துப் பதினாறு வருஷம் கழிந்து, சண்டை நிறுத்தம் என்று ரேடியோவில் சொல்லி, எங்கள் றோட்டில் பின்னேர பஸ் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கும் மாதம் இது. திகதியை, எனக்கு எழுதித் தருகிற பேத்தி ஆச்சிப்பிள்ளை போட்டிருக்கிறாள். எனக்கு ஆண்டு இப்படித்தான் தெரியும்.

நான் சுகம். நீயும் பிள்ளையும் கொழும்பில் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். சீல் தேவைப்பட்டால்தான் மாமாவின் நினைவு வருகிறது போலும். பரவாயில்லை, அப்படியாவது வரட்டும்.

நீ கேட்ட ஆறு சீலும் அனுப்புகிறேன். மீன், நண்டு, தோணி, தாமரை, தென்னை, குத்துவிளக்கு. பழைய செருப்பின் குதிப்பக்கத்து றப்பர்தான் வெட்டுக்கு நல்லது. சைக்கிள் ரியூப் மெல்லிசு, கோடு நிற்காது. மீனுக்குச் செதில் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். மையை அப்பாமல் மெல்லத் தட்டச் சொல்லு. இல்லாவிட்டால் செதில் எல்லாம் அடைத்து, மீன் ஒரு கறுத்தக் கல்லுப் போல விழும்.

வாழ்த்து மட்டைக்கு எழுத்தும் வெட்டித் தா என்று கேட்டிருக்கிறாய். அதை மட்டும் கேட்காதே மகள். எழுத்து எல்லாம் உன் புருஷன் பார்த்த வேலை. வினாயகமூர்த்தி தாளில் மையால் எழுதி, ஈரம் காய முந்தி றப்பரில் கவிழ்த்து ஒற்றித் தருவான். அது எப்படி விழுந்ததோ அப்படியே சுற்றிவரச் சீவி எடுப்பேன். அவனுக்கு முன் அவன் தகப்பன் எழுதித் தந்தார். முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோர்களுக்குச் சீல் வெட்டியிருக்கிறேன். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவனில்லாமல் அந்த வேலை எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
கோணாமலை மாமா
(எழுதியது ஆச்சிப்பிள்ளை)


கொழும்பு
9 பங்குனி 1995

அன்புள்ள மாமாவுக்கு,

சீல் பார்சல் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. உங்கள் குறையும் வந்து சேர்ந்தது. இனி சீல் வேண்டாத மாதமும் எழுதுவேன்.

போன கிழமை ஒரு கண்காட்சிக்குப் போனோம். வாழ்த்து மட்டை செய்கிற எங்கள் நிலையத்தில் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் என்னைப் போல ஆளைத் தொலைத்தவர்கள். ஒரு மேசை எங்களுக்குத் தந்தார்கள். திறந்தால் உள்ளே மடித்த தோணி எழும்பி நிற்கும் மட்டை ஒன்று செய்தேன். வெளியே உங்கள் மீன், உள்ளே உங்கள் நண்டு. முதல் நாளே முடிந்துவிட்டது. ஒரு அம்மா மீனைத் தடவிப் பார்த்து, “இது மெசினில அடிச்சதா?” என்று கேட்டார். வாகரையில் இருந்து வந்த பத்தினிப்பிள்ளை இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்காது. “மெசின் இல்ல நோனா, மாமா” என்றாள். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னது விளங்குகிறது. ஆனாலும் இந்தத் தாளைப் பாருங்கள். அவர் எழுதுவது போலவே தடித்த மையால் ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருக்கிறேன். மை ஊறாமல் தாளின் பின்பக்கம் எண்ணெய் பூசி, காய்ந்த எழுத்தின் மேலேயே மறுபடி மை ஓட்டி, றப்பரில் கவிழ்த்து ஒற்றினால் போதும். அவர் கை என்று நினைத்து வெட்டுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று கேட்டு, போய்ப் பதிந்தேன். மேசையில் இருந்தவர் கேட்டார்: பிடித்ததைக் கண்டது யார், எந்த வாகனம், எந்தப் பக்கம் போனது. என்னால் ஒன்றுக்கும் மறுமொழி சொல்ல முடியவில்லை. கண்ட சாட்சி ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் விசாரணைக் கோவையை மூடிவிட்டு மரணச் சான்றிதழுக்கு எழுதச் சொல்லுவார்கள். நான் அந்தத் தாளில் கையெழுத்து வைக்கப் போவதில்லை மாமா.

அன்று இராணுவத்தார் ஊரை வளைத்து, பள்ளிக்கூடத்துக்கு ஆம்பிளைகள் எல்லாரையும் கொண்டுபோனார்கள். நான் கைக்குழந்தையோடு வீட்டில். பொழுதுபட எல்லாரும் திரும்பி வந்தார்கள். வரிசையில் கடைசிவரை நின்ற பெடியன்களும் வந்தார்கள். அவர் மட்டும் ஏன் வரவில்லை? நீங்களும் அங்கே நின்றீர்கள்தானே. இந்த ஐந்து வருஷத்தில் ஒருநாளும் நீங்கள் அதைப் பற்றிச் சொன்னதில்லை. நானும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டேன்.

உங்கள் அன்பு மருமகள்,
இராசாத்தி


செட்டிபாளையம்
28 சித்திரை 1995

அன்பு மகளுக்கு,

வருஷம் பிறந்து ஐந்தாம் நாளே சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. பின்னேர பஸ் நின்றுபோயிற்று. நான் சுகம்.

நீ எழுதின தாளை ஒரு கிழமை மடித்தே வைத்திருந்தேன். பிறகு வெட்டினேன். இத்துடன் வருகிறது. பிடிக்குப் பூவரசங்கட்டை வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்து விஷயம் கேட்டாய். வெயில், கூட்டம், பயம். எனக்கு வயதும் போய்விட்டது. ஒன்றும் நினைவில்லை மகள்.

இதை எழுதச் சொன்னதும் ஆச்சிப்பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். “எங்கட அம்மாட கலியாணத்தில எத்தின கறி எண்டு சொல்லுற ஆளுக்கு இது ஞாபகம் இல்லையாமோ?” என்கிறாள். ஒன்பது கறி. அது வேறு, இது வேறு.

கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கிற நாள் வருகிறது. உன் பேருக்கும் பிள்ளை பேருக்கும் நேர்ந்து வைப்பேன். அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதே. பிறகும் வை என்று சொல்ல மாட்டேன்.

கோணாமலை மாமா
(எழுதியது ஆச்சிப்பிள்ளை)


கொழும்பு
17 ஆனி 1995

அன்புள்ள மாமாவுக்கு,

‘வாழ்த்துகள்’ எவ்வளவு துப்புரவாக விழுகிறது தெரியுமா? புள்ளிகூட உடையவில்லை. ஒவ்வொரு புதுச் சீலிலும் முதல் அடிக்கிற மட்டையை அவருக்கென்று எடுத்து வைக்கிறேன். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைந்துவிட்டது. வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறை சொல்லட்டும்.

உங்கள் சீலால் நேற்று இங்கே ஒரு கூத்து நடந்தது. பத்தினிப்பிள்ளை அதைத் தன் கையில் அடித்துக்கொண்டாள். மை காய முந்தி, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துத் தன் கையோடு அழுத்தினாள். எழுத்து அங்கேயும் விழுந்தது, ஆனால் முழுக்கப் பிரண்டு, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. “இது என்ன பாஷைகா, நண்டு நடந்த மாதிரிக் கிடக்கு” என்றாள். பிறகு எல்லாரும் கைக்குக் கை ஒற்றி, ஒருவராலும் வாசிக்க முடியாமல் சிரித்தோம். ஆளைத் தொலைத்த பெண்கள் சிரித்தால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தோம்.

மாமா, ஆவணி 21ஆம் திகதி மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், விசாரணை வைக்கிறார்கள். நானும் வருவேன். அன்று அவரோடு பக்கத்தில் நின்றவர்கள் யார் யார், அவர்களில் இப்போது உயிரோடு இருப்பது யார் என்று மட்டும் எழுதுங்கள். அவர்களை நான் போய்க் கேட்கிறேன். உங்களுக்கு நினைவில்லை என்றதை நான் நம்பவில்லை. கோபமும் இல்லை.

இராசாத்தி


கொழும்பு
20 ஆடி 1995

மாமாவுக்கு,

மறுமொழி இல்லை. சுகமில்லையா? ஆச்சிப்பிள்ளையாவது இரண்டு வரி எழுதலாமே. விசாரணைக்கு ஒரு மாதம்தான் கிடக்கிறது.

இராசாத்தி


மட்டக்களப்பு
8 ஆவணி 1995

மகள் இராசாத்திக்கு,

இதை ஆச்சிப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கவில்லை. கச்சேரி வாசலில் பெற்றிசமும் மனுவும் எழுதுகிற மஜீட் என்பவர் எழுதுகிறார். அவருக்கு என்னைத் தெரியாது. என்ன விஷயம் என்றும் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும் என்றேன், ஓம் என்றார்.

உன் ஆனி மாதக் கடிதத்தை ஆச்சிப்பிள்ளை வாசித்தாள். கைக்குக் கை ஒற்றின இடத்தில் அவளும் சிரித்தாள். நான் அவளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். பிறகு பழைய சீல் ஒன்றை எடுத்து என் இடக்கையில் அடித்தேன். அதை வலக்கையில் ஒற்றினேன். இரண்டு கையையும் நீட்டி, “இதில என்ன எழுதிக் கிடக்கு?” என்று கேட்டேன்.

“இடக்கையில தபாற்கந்தோர் எண்டு கிடக்கு. மற்றதை வாசிக்க ஏலாது அப்பு, பிரண்டு கிடக்கு.”

மகள், எனக்கு அந்த வலக்கைதான் சரியாகத் தெரிந்தது. நான் முப்பது வருஷம் பார்த்த எழுத்து, றப்பரின் முகத்தில் பார்த்த எழுத்து. தாளில் விழுந்ததில் நான் பார்ப்பது விளிம்பு உடைந்ததா, மை பரவினதா என்பது மட்டும்தான். எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு தேவையும் வந்ததில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ஒன்றும் மறக்கவில்லை.

விளையாட்டு மைதானத்தில் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் விசாரிக்காதவர்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடின ஆள்காட்டி ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையாட்டாவிட்டால் புறங்கையில் ஒரு சீல் குத்தி மற்றப் பக்கம் அனுப்புவார்கள். வாசலில் நிற்கிறவன் கையைப் பார்த்து வெளியே விடுவான். கிழவர்களை முதலில் கூப்பிட்டார்கள். எனக்குக் குத்தினது வட்டச் சீல், ஊதா மை, சுற்றிவர எழுத்து. நல்ல கைகாரன் வெட்டினது. மையைத்தான் கூடப் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் ஒருவன் மயங்கி விழுந்தான். சீல் குத்தின கிழவர்களைக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள். நானும் கந்தப்போடியும் வாளிக்கயிறு இழுத்தோம். மூர்த்தி குடிக்க வந்தான். அவனோடு குஞ்சித்தம்பி, வீரகத்தி, நாகரெத்தினம். மூர்த்தியின் உதடு வெடித்திருந்தது. “சாக்குக்காரன் ஆரெண்டு தெரியாது மாமா. ஆரையும் காட்டுவான்” என்றான்.

“மனே, கையைத் தா.”

“என்னத்துக்கு?”

“பேசாமத் தா.”

மற்ற நான்கு பேரும் எங்களை மறைத்து நின்றார்கள். என் கையில் மை இன்னும் பிசுபிசுத்தது. அவன் புறங்கையை என் புறங்கையோடு வைத்து, பத்து எண்ணும் மட்டும் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் வட்டம் முழுசாக விழுந்திருந்தது. என் கையில் இருந்ததைவிட அதுதான் எனக்கு வடிவாகத் தெரிந்தது.

அவன் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “நல்லா விழுந்திருக்கு மாமா” என்றான்.

அவனுக்கு எழுத்துத் தெரியும் மகள். பிரண்டு விழுந்தது கண்ட உடனே தெரிந்திருக்கும். வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. ஏன் கழுவவில்லை? ஆமிக்காரன் கத்திக்கொண்டிருந்தான், நேரமில்லை என்று நினைத்தானோ. மை போகாது, தேய்த்தால் கறை காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தானோ. நான் சந்தோஷப்பட்டதைக் கண்டு சொல்ல மனம் வரவில்லையோ. இந்த மூன்றையும் மாறி மாறி நினைக்கிறேன்.

நான் முன்னால் போனேன், அவன் பின்னால் வந்தான். வாசலில் என் கையைப் பார்த்தார்கள், சரி. அவன் கையைப் பிடித்தவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். என்னையும் பிடித்து இழுத்து இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சிரித்தார்கள். அவனுடையதில் மை மங்கல், அதுதான் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். உன் ஆனி மாதக் கடிதம் வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். துவக்குப் பிடியால் என் தோளில் அடித்தார்கள். மூர்த்தி சிங்களத்தில் என்னவோ சொன்னான். என்ன சொன்னானோ, என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத் தெரிந்தவன் போலக் காட்டவில்லை.

வாகனம் பச்சை ட்ரக். முன்பக்கம் நம்பர் தகடு இல்லை. பின் கதவில் ஒரு பக்கம் நீல நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. மூர்த்தியை மட்டும் ஏற்றினார்கள். குருக்கள்மடம் பக்கமாக வடக்கே போனது. ஏற்றினவர்களில் ஒருவனுக்கு இடது காதில் நுனி இல்லை.

பொழுதுபட, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விட்டார்கள். சாக்குக்காரன் அன்று ஒருவருக்கும் தலையாட்டவில்லை. நீ கேட்டாயே, அவர் மட்டும் ஏன் வரவில்லை என்று. நான் கையை ஒற்றாமல் விட்டிருந்தால் அவனும் அவர்களோடு நடந்து வந்திருப்பான். வந்து சோறு கேட்டிருப்பான்.

மஜீட் பேனையை வைத்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார்.

மை மூன்றாம் நாள் போய்விட்டது. ஆனாலும் வாவியில் முழுகும்போது அந்தக் கையைக் கடைசியாகத்தான் கழுவுகிறேன். சில நேரம் றப்பரை வெட்டிக்கொண்டிருக்க, என் புறங்கையில் இன்னொரு கை இருந்து அழுத்துகிற மாதிரி இருக்கும். அப்போது பிளேட்டை வைத்துவிட்டுப் பத்து எண்ணுவேன். எண்ணி முடிந்ததும் போய்விடும்.

21ஆம் திகதி விடிய நான் கச்சேரிக்கு வருவேன். ட்ரக்கையும் காதையும் சொல்வேன். கையை ஒற்றினதையும் சொல்வேன். அதை மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். நீ அங்கே என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. என்னைக் கண்டு மற்ற வாங்குப் பலகையில் போய் இருந்தாலும் எனக்குக் குறையில்லை. அவன் உயிரோடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது நான் காணாதது.

அன்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டாய். கந்தப்போடி அடுத்த தை மாதம் காய்ச்சலில் போனார். குஞ்சித்தம்பி வாவிக்கு வலை வைக்கப் போனான், தோணி மட்டும் கரைக்கு வந்தது. வீரகத்தி வயலில் மிதிவெடியில் போனான். நாகரெத்தினத்தைப் போன வைகாசியில் றோட்டில் கிடக்க எடுத்தோம். மூர்த்தியை விட்டால், அந்தக் கிணற்றடியில் நின்றவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது

செட்டிபாளையம் கதிராமன் கோணாமலை.