பச்சைத் துணியில் இரண்டு விரல் கிழிசல்

9-7-69, புதன்
காலையில் தூறல். ஐந்து சட்டைக்குக் காஜா பாக்கி. கிளப் ப்யூன் சைக்கிளில் வந்தார். "பாய், பில்லியர்ட்ஸ் மேசத் துணி கிழிஞ்சு போச்சுங்க. செகரட்டரி ஒடனே வரச் சொன்னாரு."

போனேன். மூலைக் குழிக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு விரல் நீளம். கிளப் மெம்பர் வக்கீல் சார் கோலைச் செங்குத்தாகப் பிடித்து வித்தை காட்டினாராம்.

கிளப்பின் திரை, நாற்காலி உறை எல்லாம் நான் தைப்பதுதான். கூலிக்குப் பதில், மெம்பர்கள் தூங்கும் மதியத்தில் மேசை எனக்கு. மூன்று வருடமாக இப்படி ஆட்டம். இந்த ஊரில் எனக்குச் சமம் வக்கீல் சார் ஒருவர்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

10-7, வியாழன்
கிழிசலை இழையோட்டி அடைக்கும் டார்னிங். நாலு மணி நேரம். மேசைக்கு அடியில் மடித்த ஓரத்திலிருந்து உருவிய அதே பச்சை நூல், வளைந்த ஊசி, இழைக்கு இழை. ஒரு இழை தூக்கினாலும் மெதுவாக வரும் பந்து தடம் மாறிவிடும். இடுப்பு விட்டுப்போயிற்று.

செகரட்டரி: "ஞாயித்துக்கெழம வக்கீலோட நூறு பாயின்ட் ஆடுங்க. ஜெயிச்சா சேலம் மேட்சுக்கு நீங்கதான். மெம்பர் இல்லேன்னா என்ன, நான் பாத்துக்கறேன்."

மனைவி மைமூனிடம் சொன்னேன். "ஊருக்கெல்லாம் தெச்சுக் குடுக்கறீங்க. சேலம் போக ஒங்களுக்கு ஒரு நல்ல சட்ட இருக்குதா?"

11-7, வெள்ளி
ஜும்மா. தொழுகையிலும் சிவப்புப் பந்து. அல்லாஹ் மன்னிக்கட்டும். மாலையில் எனக்கு வெள்ளைச் சட்டை வெட்டினேன்.

13-7, ஞாயிறு
நல்ல வெயில். புதுச் சட்டை. நான் 98. அவர் 97. என் அடி நூலிழையில் தவறியது.

சிவப்பைக் குழியில் போட்டால் அவருக்கு மூன்று, ஆட்டம் முடிந்தது. சிவப்புக்கும் குழிக்கும் நடுவே என் டார்னிங். கடைசி அடி என்று பயந்துபோய் மெதுவாக அடித்தார். பந்து தவழ்ந்து போகிறது. 'திரும்பு, திரும்பு' என்று மனசு அடித்துக்கொண்டது. டார்னிங்கைத் தொட்டதும் 'திரும்பிவிடாதே' என்றது.

இம்மியும் திரும்பவில்லை. நேரே போய் விழுந்தது. சேலம் போச்சு. ஆனால் நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றேன்.

வக்கீல் சார் கை கொடுத்தார். "ஆமா பாய், நான் கிழிச்ச எடம் எதுங்க? தெரியவே இல்லியே!"

காட்டலாம் என்று குனிந்தேன். எனக்கே தேட வேண்டியிருந்தது.