துணைக்கு ஆள் வேண்டுமாம்

பீர்க்கன்கரணை
14-11-1993

அன்பு மகன் வில்பிரட்டுக்கு அப்பா எழுதுவது. மாதா கிருபையில் நானும் அம்மாவும் அருள்மேரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஏரி நிரம்பிப் பின்தெருவரை தண்ணீர் வந்துவிட்டது, நம் வீட்டுக்கு ஒன்றும் பயமில்லை. நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. இரண்டிலும் அருள் பாங்காக்கில் என்ன மெடல் வாங்கினாள் என்றுதான் கேட்டிருக்கிறாய். பதில் எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தங்கச்சி பாங்காக் போகவில்லை. அவளை அனுப்பவில்லை.

பெங்களூர் நீச்சல் தேர்வுப் போட்டியில் அவள்தான் முதலாக வந்தாள், அது உனக்கே தெரியும். காலில் மாட்டியிருந்த இரும்புக் கேலிப்பரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள், மற்றப் பிள்ளைகள் எதிர்ச்சுவரைத் தொடுவதற்குள் பாதி தூரம் திரும்பி வந்துவிட்டாள். கோச் லோகநாதன் சார் என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் எனக்கு வலியே எடுத்துவிட்டது. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் புதுப்பெட்டிகூட வாங்கி வந்தாள். அப்புறம் ஊனமுற்றோர் விளையாட்டுச் சங்கச் செயலாளர் வரச்சொல்கிறார் என்று போனோம். உட்காரக்கூடச் சொல்லவில்லை. இந்தப் பொண்ணு காலு ரொம்ப மோசமா இருக்கே, ஏர்போர்ட்ல, ஓட்டல்ல தூக்கிப் பிடிக்கத் துணைக்கு ஒரு ஆள் வேணும், அதுக்கெல்லாம் எங்களால முடியாது, தனியா சமாளிக்கிற பொண்ணா அனுப்புறோம் என்றார். அருள் அவரை நேராகப் பார்த்து, சார், நான் டெய்லி பெருங்களத்தூர்ல ரயில் ஏறி தனியாத்தான் பட்டணத்துக்கு வந்து நீந்துறேன், என்னை யாரு தூக்கினாங்க என்று கேட்டாள். பேஜார் பண்ணாதம்மா என்று அவர் டெலிபோனை எடுத்துவிட்டார். ஊனம் அதிகம் என்று ஊனமுற்றோர் போட்டியிலிருந்தே ஒரு பிள்ளையை நிறுத்துவார்கள் என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். துணைக்கு ஆள் அனுப்ப முடியாது என்ற அந்த மனிதர், மேனேஜர் என்று பெயர் போட்டுத் தன் மனைவியைக் கூட்டிப்போனார்.

அருளுக்குப் பதிலாகப் போனது கூடுவாஞ்சேரிப் பெண் தையல்நாயகி. ஒரு கையில் விரல்கள் சரியாக இல்லை, அவ்வளவுதான். பெங்களூரில் மூன்றாவதாக வந்தவள். அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்ல மாட்டேன். போவதற்கு முன் நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதாள், சுவரைத் தொட்டுத் திரும்பும்போது மூச்சு தவறிப்போகிறது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அருள்தான் கேலிப்பரை மாட்டிக்கொண்டு எழுந்து, வாடி போலாம் என்று கூட்டிப்போனாள். தினமும் கூடவே இறங்கிச் சொல்லிக்கொடுத்தாள். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். அவ தோத்துட்டு வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்கும்ப்பா, அந்தச் சந்தோஷம் எனக்கு வேணாம் என்றாள்.

தையல்நாயகி வெண்கலம் வாங்கி வந்தாள். ஸ்டேஷனில் மாலை, மேளம், செயலாளர் கழுத்திலும் ஒரு மாலை. பேப்பரில் வந்த நேரத்தைப் பார்த்த லோகநாதன் சார், அங்கே தங்கம் வாங்கின பெண்ணைவிட நம்ம அருள் பெங்களூரில் வேகமாக நீந்தியிருக்கிறாள் என்று வீட்டுக்கே வந்து சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றோடு அவள் தண்ணீரை விட்டுவிட்டாள். இப்போது கேம்ப் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத்தில் உட்கார்ந்து நம்பர் போட்டுக் கொடுக்கிறாள். ஒருநாள் அந்த வழியாகப் போனவன் வெளியே நின்று பார்த்தேன். அவ்வளவு அகலத் தோளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கப் பொறுக்காமல் கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

உன் அம்மா கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை, அதனால்தான் போகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அது அருள் காதுக்கு வந்துவிட்டது. செயலாளரிடம்கூடக் குரலை உயர்த்தாதவள் அன்றைக்கு வீடே அதிரக் கத்தினாள். எனக்கு இன்னாம்மா நோவு, நான் ஜெயிச்சேன், அவங்க அனுப்பல, அதைச் சொல்றதுக்கு உனக்கு இன்னா வெக்கம் என்று கேட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் உனக்கு மஞ்சள்காமாலை என்றே எழுதச் சொல்லி நச்சரித்தாள். நான் கேட்கவில்லை.

நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஆனால் மறுபடி நீந்து, தைரியமாக இரு என்றெல்லாம் எழுதாதே. அவளிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. வெயிலில் தலையில் துணி கட்டாமல் வேலை செய்யாதே, நேரத்துக்குத் தூங்கு. மாதா உன்னை நிழல்போலக் காக்கட்டும், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். ஒன்றே ஒன்று மறக்காதே. உன் ரூமில் இருக்கிற பிள்ளைகள் தங்கச்சி என்ன ஆனாள் என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா
லாசரஸ்