முன் சீற்றுக்கு மட்டும்

டோர்செட் பார்க்
தை 14

அன்பு மகனுக்கு,

நேற்று என்னையும் கூட்டிக்கொண்டுபோய்க் கடையில் காருக்கு றப்பர் கால்மிதி தெரிவுசெய்ய ஒரு மணித்தியாலம் நின்றாய். "மனுசி பூட்ஸோட ஏறுறவ, பனிக்கு றோட்டில போடுற உப்புத்தண்ணி வழியாம விளிம்பு உயர்ந்தது வேணும்" என்றாய். நல்லது.

ஏழு பனிக்காலம் உன் பக்கத்துச் சீற்றில் வந்தேன். "அம்மா, கார்ப்பெற் பழுதாப்போம்" என்பாய். பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலுறையோடு இருப்பேன். குளிருது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மருமகள்மேல் எனக்கு எரிச்சல் ஒன்றுமில்லை. தங்கமான பிள்ளை.

பின் சீற்றுக்கும் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "பின்னுக்கு ஒருத்தரும் ஏறுறேல்லை" என்றாய். உன் கலியாணத்திலிருந்து நான் அங்கேதான் இருக்கிறேன், தம்பி.

இப்படிக்கு,
அம்மா