உரம் எடுத்த கை

கோப்பெங்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தினேஸ்வரிக்கு,

உன் நாத்தனார் நவமணி எழுதுவது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. என் தம்பி விக்னேஸ்வரன்தான் எடுத்து, "அவ குளிக்கிறாக்கா" என்கிறான். எப்போது போட்டாலும் குளித்துக்கொண்டே இருப்பாயா? அதனால்தான் அவன் கையிலேயே இந்தக் கடுதாசியைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஷர்வின் எப்படி இருக்கிறான்? வயிற்றில் தையல் ஆறிவிட்டதா? நீ வேலைக்குப் போகும்போது மூன்று மாதப் பிள்ளையாக என் கையில் கொடுத்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணிலேயே காட்டவில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அன்றைக்கு அவன் வீரிட்டு அழுதான். தூக்கிய வாக்கில் சதை பிசகி உரம் விழுந்திருக்கும் என்றுதான் சேலையில் போட்டு உருட்டினேன். இங்கே ரப்பர் மரம் நின்ற காலத்திலேயே தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தானே உரம் எடுப்பேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இவனும் அழுகையை நிறுத்தித் தூங்கினானே. நான் என்ன பாவம் செய்தேன், சொல்லு.

உன் நவமணி

சிம்பாங் பூலாய்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஷர்வின் நலம். தையல் காய்ந்துவிட்டது. பால் குடிக்கிறான், கஞ்சியைத் துப்புகிறான். நான்தான் நலமில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் எடுக்கவில்லை.

நீங்கள் உருட்டியதால் வந்ததில்லை என்று டாக்டரே சொன்னார். குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டதாம். அப்போது பிள்ளை காலை வயிற்றோடு மடக்கி வீரிட்டு அழுமாம், பிறகு துவண்டு படுக்குமாம், மறுபடி வீரிடுமாம். முகம் வெளுக்கும், பச்சையாக வாந்தி வரும், மலத்தில் ரத்தம் போகும். இதில் எதைப் பார்த்தாலும் உடனே கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்.

அவன் தூங்கவில்லை அண்ணி. அழத் தெம்பில்லாமல் கிடந்தான். நீங்கள் ஃபேக்டரிக்குப் போன் போட்டு, "உரம் எடுத்துட்டேன், தூங்குறான்லா, நீ வேலையப் பாரு" என்றீர்கள். நானும் நம்பி வேலையைப் பார்த்தேன். பச்சை வாந்தி எடுத்ததைச் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அவன் அழுதாலும் பயம், அழாவிட்டாலும் பயம். சிணுங்கினாலே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அங்கிருக்கும் நர்ஸ் மிஸ்ஸி என்னைக் கண்டதும் "மறுபடியுமா?" என்கிறார். களைத்துவிட்டேன். மாதக் கடைசியோடு என் லீவும் முடிகிறது. பிள்ளையை உங்களிடம் விடவும் மனம் வரவில்லை, வேறு யாரிடமும் விடவும் மனம் வரவில்லை.

தினேஸ்வரி

கோப்பெங்
21 ஆகஸ்ட் 2024

தினேசு,

வாந்தியை நான் பார்த்தேன். நான் கொடுத்த ஓமத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நேற்றுப் பக்கத்து வீட்டு அப்பாவு தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடாமல் அழுகிறாள், உரம் எடு என்றார். சேலையை விரித்துவிட்டேன். அவள் காலை மடக்கினதும் எனக்குக் கை ஓடவில்லை. "நான் உருட்ட மாட்டேன், காரை எடுங்கண்ணே" என்றேன். "என்னலா நவமணி, நீயே இப்படிச் சொல்றே?" என்றார். விடாமல் நானும் கூடவே ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துவிட்டு, வெறும் வாயு என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் குட்டி ஏப்பம் விட்டுவிட்டுச் சிரிக்கிறது. இப்போது எங்கள் தாமான் வீடுகள் முழுக்க என்னைத்தான் கேலி பண்ணுகிறார்கள். நவமணிக்குக் கைராசி போய்விட்டதாம்.

சிரித்துவிட்டுப் போகட்டும். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். அன்றைக்கு நம்ம பிள்ளையையும் இப்படித் தூக்கிக்கொண்டு ஓடி, ஒன்றுமில்லாததற்கா வந்தாய் என்று நான் திட்டு வாங்கியிருக்கக் கூடாதா?

நவமணி

சிம்பாங் பூலாய்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

படித்துவிட்டு அழுதேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பிள்ளையோடு வருகிறேன். இரண்டு நாள் நானும் அங்கேயே இருப்பேன். அவன் அழுதால் நீங்கள் தூக்குங்கள். சந்தேகம் வந்தால் என்னை எழுப்புங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பேருமாகத் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எழுப்புங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? உங்கள் வீட்டில் நான் கொஞ்சம் தூங்க வேண்டும், அண்ணி.

தினேஸ்வரி