பாட்டு ஹாரனைக் கழற்றியாயிற்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். பேத்திக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தேன், அப்படியே உன் அப்பாவின் சிரிப்பு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறான், நீயும் குக்கர் விசில் அடிக்குதும்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் என்னை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

போன வாரம் அண்ணன் போன் செய்தபோது, உனக்கு எது சரின்னு படுதோ செய்ண்ணா என்று சொன்னாயாமே. அவன் வந்து என்னிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான் தெரியுமா. என்ன செய்யப் போகிறான் என்று அவனைக் கேட்டாயா? ஏற்கெனவே ரயில் நிலைய ரூட்டை விட்டாயிற்று, காலேஜ் ரூட்டையும் விட்டாயிற்று, இப்போது மேட்டுக் குடியிருப்பு ரூட்டையும் இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறான். அப்பா நம் பஸ் கம்பெனியை உன் பெயர், அண்ணன் பெயர், என் பெயர் என்று மூன்று பேருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார், அதில் இரண்டு பேர் சரி என்றால் ரூட்டை விட்டுவிடலாம். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஆகவே இப்போது எல்லாம் நீ சொல்வதில் இருக்கிறது. விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன், இனி தெரிந்துகொண்டு சொல்.

பஸ்ஸில் கூட்டமில்லை என்பதுதான் அண்ணன் சொல்கிற காரணம். கூட்டம் ஏன் குறைந்தது என்றால் எல்லாம் உன் தாய்மாமன் கைங்கரியம். அவன் வேன் விட்டிருப்பது உனக்குத் தெரியும். விடட்டும், ரோடு என்ன நம் பாட்டன் சொத்தா. ஆனால் அவன் வேன் எப்போதும் நம் பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பும், ஆஸ்பத்திரியிலும் மில் தெருவிலும் நிற்கிற கூட்டத்தை வழித்து அள்ளிக்கொண்டு மார்க்கெட் முக்கில் திரும்பிவிடும். அதற்கு மேலே ஏற்றம், மேட்டு வீடுகள் கொஞ்சம்தான், அங்கே போனால் அவனுக்குக் கட்டாது. பின்னால் வெறும் சீட்டை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது நம் பஸ். சதையெல்லாம் அவனுக்கு, எலும்பு நமக்கு. இதைத்தான் உன் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டி, அம்மா சென்டிமென்ட் வேற டீசல் வேற என்கிறான். நான் எப்போதடா டீசலுக்குப் பதில் சென்டிமென்ட் ஊத்தச் சொன்னேன் என்று கேட்டேன், உன் அண்ணி சிரித்துவிட்டாள், அவளை முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

முன்னால் ஓடினால் மட்டும் இவ்வளவு கூட்டம் குறையுமா என்று எனக்கும் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. அதை உடைத்தது மேட்டிலிருக்கும் தையல்காரி. மில் தெருக் கடையில் தைத்துவிட்டுச் சாயங்காலம் நம் பஸ்ஸில் வீடு திரும்புவாளே, காலை இழுத்து இழுத்து நடப்பாளே, அவள்தான். ஒருநாள் நம் ஹாரன் சத்தம் கேட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வேன் நிற்கிறது. பஸ் இப்பத்தான் போச்சு, ஏறுக்கா என்றிருக்கிறான் வேன்காரன். ஏறினால் மார்க்கெட் முக்கில் இறக்கிவிட்டுவிட்டான், மழை வேறு. மூட்டையோடு நனைந்துகொண்டு நிற்கிறாள், பின்னாலேயே வருகிறது நம் பஸ், காலியாக! ஏறி நம் கண்டக்டரைப் பிடித்து ஏறு ஏறென்று ஏறியிருக்கிறாள், போயிட்டுத் திரும்பி வர்ற பஸ்ஸை உலகத்துல இங்கதான்டா பார்க்கிறேன் என்று. அவன் வந்து என்னிடம் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் நானே மில் தெருவில் போய் நின்றேன். அப்பா அந்தப் பாட்டு ஹாரனைப் பூட்டிய நாளிலிருந்து அது கேட்டால்தான் அந்தத் தெருவில் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள், அது உனக்கே தெரியும். அந்த ஹாரன் கேட்டது. அப்படியே, அந்த இழுப்பு மாறாமல். திரும்பிப் பார்த்தால் உன் மாமன் வேன். வீடு வீடாகச் சனம் வெளியே வருகிறது, பஸ்ஸைக் காணோம், வேன் நிற்கிறது, பஸ் போய்விட்டதென்று நினைத்து ஏறுகிறது. ஆளை மட்டுமா திருடினான், அப்பா வைத்த சத்தத்தையும் அல்லவா திருடிவிட்டான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வாக்கா, காபி சாப்பிடு என்றான், சாப்பிட்டேன், காபி மேல் எனக்கு என்ன கோபம். ஏன்டா இப்படிப் பண்ணினே என்றால், ஹாரன் கடையில விக்கிறான், யாரு வேணா வாங்கலாம், உன் பையன் படிச்சவன்தானே, முடிஞ்சா என் வேனுக்கு முன்னால வரச் சொல்லு என்கிறான். நம் பஸ்ஸில் கிளீனராக இருந்து, நம் பஸ்ஸில் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றவன் பேசுகிற பேச்சைப் பார்த்தாயா. உன் அண்ணனிடம் சொன்னால், நாமளும் வேற ஹாரன் மாத்துவோம் என்றான். மாற்றினால் மறுநாள் அவனும் மாற்றுவான், இதென்ன சந்தையா, ஆளுக்கொரு பீப்பீ ஊதிக்கொண்டு நிற்க.

ஒர்க் ஷாப்புக்கு உன் அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ரோட்டுக்கு வேண்டிய சாதா ஹாரன் இருக்கட்டும், பாட்டு ஹாரனைக் கழற்றிக் கொடு என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அம்மா அய்யா பூட்டினதும்மா என்று அவன் தலையைச் சொறிந்தான். அய்யா பூட்டினதைக் கழற்ற அம்மாவுக்கு உரிமை இருக்கிறது, ஸ்பேனரை எடு என்றேன். உன் அண்ணன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. உன் மாமன் பேசினான். தேடி வந்து, என்னக்கா ஹாரனையே கழட்டிட்டியாமே, தோத்துட்டியா என்றான். உன் கல்யாணத்துக்கு அக்கா ஒண்ணுமே செய்யலன்னு ஊரெல்லாம் குறைப்பட்டியே, அந்தச் சத்தத்தை நீயே வச்சுக்கோடா, அக்கா சீர் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் இன்னும் மோசமாகத்தான் போயிற்று. பழக்கத்தில் ஹாரனுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள், என்னைத் திட்டினார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு நம் கண்டக்டர் ஆரம்பித்தான். அவன் தொண்டைதான் உனக்குத் தெரியுமே, வெண்கலம் என்று அப்பா பெயர் வைத்த தொண்டை. படியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலுக்கும் கூப்பிடுகிறான், ரெட்டைப் பை அக்கா வண்டி வந்தாச்சு, மூக்குக்கண்ணாடி அண்ணே கண்ணாடியை எடுத்துக்கிட்டீங்களா, ஆஸ்பத்திரித் தாத்தா மெதுவா வாங்க நிக்கிறோம். தெருவே சிரித்துக்கொண்டு வெளியே வருகிறது. இப்போது பாட்டு ஹாரன் கேட்டால் அது வேன் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். உன் மாமன் சும்மா இருப்பானா, அவனும் கத்துவதற்கு ஓர் ஆளைப் போட்டான். அந்த ஆள் எல்லா வாசலிலும் வாங்க வாங்க என்று கத்துகிறான், யாரை என்று அவனுக்கே தெரியவில்லை. மூடியிருந்த கடைக்கு முன்னால் நின்றும் வாங்க வாங்க என்றானாம்.

இப்போது மேட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதி சீட்டு நிறைகிறது. பாதிதான். லாபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், உன் அண்ணன் சொல்வதுபோல் இன்னும் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் ரூட்டை விட்டுவிட்டால் மேட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள், தையல்காரி அந்தக் காலோடு ஏறுவாளா? நம் பஸ் நின்ற மறுநாளே உன் மாமன் வேன் மேட்டுக்கு ஏறிவிடும் என்று அண்ணன் சொல்கிறான். ஏறாது. உன் மாமனையே கேட்டேன், பைத்தியமாக்கா அங்க எவன் போவான் என்று அவன் வாயாலேயே சொன்னான்.

அண்ணன் ரூட்டை விடுவதற்கான பேப்பரை என் முன்னால் வைத்து, பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தான். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன், கையெழுத்துப் போடத் தெரியும், போடாமல் இருக்கவும் தெரியும் என்றேன். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை, பயந்துவிட்டான், அவ்வளவுதான். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பழியை உன் மேல் போட்டுவிட்டு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருப்பான்.

உன்னிடம் கெஞ்சவில்லை. உன்னை ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் வேலைக்கு இன்டர்வியூ போன அன்று ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கினாயே, அன்று நம் வாசலில் யார் நின்றது? மேட்டிலிருந்து இறங்கி வந்த பஸ்தான் நின்றது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, இரண்டு பேர் இறங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். முதலாளி மகள் என்பதற்காக நின்றது என்று நினைத்துக்கொள்ளாதே, போன வாரம் ரெட்டைப் பை அக்காவின் இரண்டாவது பைக்காகவும் அதே மாதிரிதான் நின்றது. அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் நீ அவ்வளவு தூரம் போய்விட்டாய். போனது தப்பில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போகாதே, அவ்வளவுதான்.

பேத்திக்குக் குளிரில் காதை மூடிவிடு. நீ வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அண்ணனுக்குப் போன் செய், குக்கர் விசில் அடித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு வை. லீவுக்கு வரும்போது காரெல்லாம் பிடிக்க வேண்டாம், ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வந்து நில். ஹாரன் கேட்காது. சின்ன வயதில் நீ அழுது பிடித்துக்கொண்ட இடத்தை வைத்து உனக்கு வைத்த பெயரைக் கண்டக்டர் இன்னும் மறக்கவில்லை, ஜன்னல் சீட்டு, வண்டி வந்தாச்சு என்று கூப்பிடுவான். ஏறி உட்கார். டிக்கெட் எடு.

உன் அம்மா
(மேட்டு ரூட்டை விடாதவள்)