தூதனை வேகமாக ஓடவைத்தவருக்கு

மாஸ்டர்,

இன்று காலை சுண்ணாம்பு வாசனை வந்தது.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். விளையாட்டு விழா வருகிறது போலிருக்கிறது. ஓட்டப் பாதைக்கு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பனியில் நனைந்த சுண்ணாம்புத் தூளின் வாசனை மேலே ஏறி வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். அடுப்பைத் துடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளியில் என் வகுப்பின் ஜன்னல் உங்கள் மைதானத்தைப் பார்த்துத் திறக்கும். நான் உள்ளே ஆங்கிலப் பாடம் நடத்துவேன். நீங்கள் வெளியே விசிலை ஊதுவீர்கள். உங்கள் காதில் என் பாடம் விழாத நாளே இல்லை. உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஆண்டுதோறும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துத்தான் விளக்குவேன். "அவன் சிங்கம் மாதிரி பாய்ந்தான் என்றால் உவமை. அவன் சிங்கம் என்றே சொல்லிவிட்டால் உருவகம்." அன்று மாலை செங்கல்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்ப்பீர்கள்.

"இன்னா டீச்சர், பசங்க இன்னிக்கி சிங்கமா, சிங்கம் மாதிரியா?"

"இன்றைக்கு எல்லாம் ஆட்டுக்குட்டி, மாஸ்டர்."

"மாதிரியே இல்லியா? ஸ்ட்ரெய்ட்டா ஆடா?"

பஸ்ஸே சிரிக்கும். ஒருநாள் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டு வந்து, "காலு ரெண்டும் பஞ்சாயிப் பூட்ச்சு டீச்சர்" என்று இருக்கையில் சரிந்தீர்கள். இப்போது நீங்கள் சொன்னதுதான் உருவகம் என்றேன். "நான் இன்னா பண்ணேன்? காலு வலிக்குதுன்னு சொன்னேன். அதுக்குக்கூட ஒரு பேர் வெச்சிருக்கீங்களா?" என்றீர்கள். அந்தக் கேள்வியை வகுப்பில் எத்தனையோ முறை நான் பயன்படுத்திக்கொண்டேன். அது உங்களுடையது என்று சொன்னதில்லை.

சங்கீதா என் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவள். கடல் உறுமியது என்று நான் ஓர் எடுத்துக்காட்டு சொன்னபோது எழுந்து நின்றாள். "உறுமுனா பயமில்ல மிஸ். சத்தமே இல்லாம கெடந்தாதான் எங்கப்பா கடலுக்குப் போவ மாட்டாரு." முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த எடுத்துக்காட்டை அன்றோடு விட்டேன்.

அந்த ஆண்டுதான் ஒரு சோக நாடகமும் பாடத்தில் இருந்தது. சந்தேகத்தில் மகளைச் சிறையில் அடைத்து, அவளுக்கு மரண தண்டனையும் விதித்துவிடுகிற அரசன். உண்மை தெரிந்ததும் தண்டனையை ரத்து செய்து தூதனை அனுப்புகிறான். தூதன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சிக்கு முன்பு எனக்கு அறுவைச் சிகிச்சை. ஒன்றரை மாத விடுப்பு. வேறு ஆள் கிடைக்காமல் தலைமையாசிரியர் என் பாடவேளைகளை உங்கள் தலையில் கட்டினார்.

நான் திரும்பி வந்தபோது பரீட்சைத் தாள்கள் மேசையில் காத்திருந்தன. 'நாடகத்தின் முடிவை எழுதுக' என்பது கேள்வி. முதல் தாளில், தூதன் சரியான நேரத்தில் வந்தான் என்று இருந்தது. அடித்தேன். இரண்டாவதிலும் அதுவே. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அதுவே. அந்த முதல் வரிக்கு மேல் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை, மாஸ்டர். வரிசையாகச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

பிறகு மைதானத்துக்கு வந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள் என்பதையும் பாராமல் கத்தினேன்.

"யாரைக் கேட்டு முடிவை மாத்தினீங்க?"

நீங்கள் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தீர்கள். "அந்த ஆளு இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா அந்தப் பொண்ணு பொழச்சிருக்கும் டீச்சர். நான் ஓட வெச்சேன். அவ்ளோதான்."

"அது நாடகம். உங்க ரிலே ரேஸ் இல்லை."

நீங்கள் வாளியை எடுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பினீர்கள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நான் நேராக வகுப்புக்குப் போய்க் கடைசிக் காட்சியைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நன்றாகவே படித்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. சிறைக்கதவின் முன் அரசன் நிற்கும் இடத்தில் என் குரலைத் தாழ்த்தி, இடைவெளி விட்டு, வகுப்பு முழுதும் மூச்சடங்கும்படி படித்தேன். சங்கீதா எழுந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே நடந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் உங்களிடம் வந்து நின்றாள். சுண்ணாம்புக் குவளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவள் குனிந்து கோடு போட்டாள். மணி அடிக்கும்வரை இருவரும் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். அழிந்திராத கோட்டின் மேலும் போட்டீர்கள்.

மாலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நீங்கள் திரும்பவில்லை. பிறகு மெல்லச் சொன்னீர்கள். "அவ அப்பா படகு கவுந்து பூட்ச்சு டீச்சர். நீங்க லீவுல இருந்தப்ப. தேடிப் போன படகு லேட்டு."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா நீங்களே மாத்தியிருப்பீங்க."

இல்லை, மாஸ்டர். உங்களிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை நடத்தாமல் தாண்டிப் போயிருப்பேன். என்னால் முடிந்த கருணை அவ்வளவுதான். ஒரு தூதனை வேகமாக ஓடவைக்கலாம் என்பது எனக்குத் தோன்றியிருக்காது.

அதற்குப் பிறகும் நாம் அதே பஸ்ஸில் போய் வந்தோம். சிங்கமும் ஆடும் திரும்பி வந்தன. ஆனால் என் வாயிலிருந்து மன்னிப்பு வரவில்லை. ஒரு கேள்வியும் வரவில்லை: தூதன் நேரத்துக்கு வந்த பிறகு என்ன நடந்தது? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இங்கிலீஷ் டீச்சர் போய் பி.டி. மாஸ்டரிடம் நாடகத்தின் முடிவைக் கேட்பதா என்று ஒரு வீம்பு. நாளைக்குக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் இறங்கிப் போனேன்.

பல ஆண்டுகள் கழித்து, நீங்கள் இறந்த செய்தியைச் சொன்னவள் சங்கீதாதான். இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். பொத்தேரியில் கல்லூரி பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். செங்கல்பட்டில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பியிருந்தார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

வாசலில் நின்று, "தாமதமாயிட்டுது, தாமதமாயிட்டுது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவி எழுந்து வந்து என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தார்.

"மொதல்ல தண்ணி குடிங்க டீச்சரம்மா. ஓடி வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி, அப்பால தான் சேதின்னு அவரு சொல்லிகினே இருப்பாரு."

அதுவரை அழாமலிருந்த சங்கீதா அந்த வார்த்தையைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது அவளே சொன்னாள். "அது சாரோட நாடகத்துல வர்றது மிஸ்."

உங்கள் கடைசிக் காட்சியை அப்படித்தான் கேட்டேன். நீங்கள் வகுப்பையே மைதானத்தில் இறக்கி, ஒவ்வொருவரையும் தூதனாக ஓடவைத்தீர்களாம். சிறைக்கதவு திறக்கிறது. மூச்சு வாங்க நிற்கிற தூதன் கடிதத்தை நீட்டுகிறான். அரசகுமாரி அதை வாங்கவில்லை. தன் சிறைக்குள் இருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி அவனிடம் கொடுக்கிறாள். "நீ குடி. சேதி எங்கியும் ஓடிப் பூடாது." அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறாள். அவ்வளவுதான் உங்கள் முடிவு. கடிதத்தில் என்ன இருந்தது என்பதைக்கூட நீங்கள் சொல்லவில்லையாம்.

சங்கீதா வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"தேடிப் போன படகுல இருந்தது என் சித்தப்பா மிஸ். லேட்டா போனாருன்னு அவரோட நான் பேசவேயில்ல. அவரும் வூட்டுக்குள்ள வராம வெளியவே குந்திகினு இருப்பாரு. சார் அந்த நாடகம் சொன்ன அன்னிக்கி சாயங்காலம் போயி அவருக்குத் தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு அப்படி அழுதாரு."

நான் அடித்துப்போட்ட தாள்களில் எல்லாம் இது இருந்திருக்கிறது. இரண்டாவது வரியில், மூன்றாவது வரியில், பிள்ளைகளின் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில். என் கையிலேயே இருந்திருக்கிறது. இப்போது அந்தக் காட்சி எனக்குத் தெரியும். ஆனாலும் மாஸ்டர், அதை உங்கள் குரலில் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்த பஸ்ஸின் முன் இருக்கையிலிருந்து நீங்கள் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி, தூதன் எந்தக் காலை முன்னே வைத்து ஓடினான் என்பது முதலாகச் சொல்ல வேண்டும். நான் குறுக்கே பேசாமல் கேட்பேன்.

இந்த அடுக்குமாடிக்கு நாள் முழுதும் பொட்டலம் கொண்டுவருகிறவர்கள் வருகிறார்கள். மின்தூக்கி பழுதானால் மூன்று மாடி ஏறி வருவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. சொம்பை நீட்டுகிறேன். அவர்கள் குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். என்ன வந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்க்கிறேன்.