நோட்டீசில் விட்டுப்போன நாடு

ஆடி 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. மிளகுக் கொடிப் பக்கம் போகவில்லை. சாமை குத்தியது இரண்டு வள்ளம். உப்பு தீர்ந்தது.

அம்மன் நோம்பி நோட்டீஸ் கீழே ராசிபுரத்தில் அச்சாகி வந்தது. எழுதிக் கொடுத்தது நான். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; எல்லா நாட்டையும் பெயர் சொல்லி அழைப்பது முறை. எல்லாம் இருக்கிறது, தேவனூர் நாடு மட்டும் இல்லை. நான் பிறந்த நாடு! மனசில் இருந்ததால் தாளிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக் கணக்கை இரண்டு தரம் கூட்டுகிறவள். இதை ஒருதரம் திரும்பப் படிக்கவில்லை. கையெழுத்து அழகு என்ற திமிர். விளக்கேற்றும்போது அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொழுந்தன் பெண்சாதி வெள்ளையம்மாளுக்குத் தாங்காத சந்தோஷம். "ஏனுங்க்கா, பொறந்த ஊட்டு மேல அப்பிடி என்னங்க கோவம்?" எழுத்து தெரியாது. வாய் உண்டு.

ஆடி 7, புதன்

மழை விட்டது. மிளகு வியாபாரியிடம் அண்ணன் சொல்லி அனுப்பியது: "எங்க நாடே வேண்டாதவளுக்குத் தாய்மாமன் மட்டும் எதுக்கு?"

நோம்பியன்று பாப்பாவுக்குக் காதுகுத்து. மாமன் இல்லாமல் யார் மடியில் உட்கார வைப்பது? மனுஷனா அவன்? அச்சாபீஸ்காரனுக்குக் கண் இல்லையா? அவனைத் திட்டி என்ன. எழுதியதைத்தான் அச்சடித்தான்.

இவர்: "ஒரு காயிதம் எழுதிக் குடு, நான் கொண்டுபோறேன்."

ஆடி 8, வியாழன்

கடிதம் மூன்று பக்கம். அப்பன் சாவில் அண்ணன் பேசிய பேச்சு, நான் பொறுத்தது, ஒன்று விடவில்லை. மடிக்குமுன் வெள்ளையம்மாளை உட்காரவைத்து உரக்கப் படித்தேன். வேண்டியவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இவள் ஆட்டமாட்டாள்.

"எல்லாஞ் செரிங்க்கா. காதுகுத்துக்கு வரோணும்னு எங்க எழுதீருக்கறீங்க?"

தேடினேன். இல்லை. பாவி.

கிழித்தேன். புதிதாக நாலு வரி. அதையும் அவளுக்கே படித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆடி 11, ஞாயிறு. நோம்பி

வெயில். அண்ணன் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும், "இருங்க ஆசாரி" என்றான். ஊரே நிற்கிறது.

"நோட்டீசுல உட்ட பேரைச் சொல்லு புள்ளே."

"தேவனூர் நாடு."

"கேக்கலெ."

சொன்னேன்.

வெள்ளையம்மாள்: "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்களாம்க்கா!"

கத்தினேன். பாப்பா வீரிட்டு அழுதாள். ஊசி இன்னும் ஆசாரி கையில்.